தொகைமதிப்பில் கரையும் மலையகம்

2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்ற நிரலில் இருந்தவர்கள் 8 இலட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம் பேர். நாட்டின் சனத்தொகையில் 4.1 சதவீதம். 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் அந்தப் பங்கு 2.8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. தலைக்கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ ஆறு இலட்சம். இதே பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 7 சதவீதம் கூடியிருக்கிறது. 'இலங்கைத் தமிழர்' பங்கும் 11.1 சதவீதத்திலிருந்து 12.3 சதவீதமாக ஏறியிருக்கிறது. இந்தக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து யாரையும் கப்பலேற்றி அனுப்பவில்லை. போரும் 2009இலேயே முடிந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரு சமூகம் தன்னில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்களை இழந்தது எப்படி? குறைந்துவரும் பிறப்புவீதமும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் ஓரளவுக்குக் காரணமாகலாம். ஆனால் இத்தனை பெரிய வீழ்ச்சியை அவற்றால் மட்டும் விளக்க முடியாது. பெருந்தொகையானோர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, படிவத்தில் மட்டும் ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு மாறியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

இதைக் கண்டு சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட பிரிவினைக் கோடு தானாகவே அழிகிறது, நல்லதுதானே என்பது அவர்கள் எண்ணம். வேறு சிலர், தனித்துவம் பறிபோகிறது என்று பதறுகிறார்கள். இரண்டு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அந்த நிரலை வைத்துக்கொண்டு அரசு இதுவரை என்ன செய்தது, இனி என்ன செய்யப் போகிறது? இனவாரியான ஒரு நிரல் தன்னளவில் நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. அதை யார் நிரப்புகிறார்கள், அதன்மேல் எந்தச் சட்டம் கட்டப்படுகிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. மலையக மக்களைப் பொறுத்தவரை அந்த நிரல் விலக்கிவைப்பதற்கான கருவியாக நூறாண்டு பயன்பட்டது. இப்போது, விலக்கலால் விளைந்த நட்டத்தை அளந்து ஈடுசெய்ய வேண்டிய வேளையில், அதுவே ஓசையின்றிக் கரைகிறது. நிரல் இருக்க வேண்டும். ஆனால் அதன் பெயரைச் சூட்டும் உரிமையும் நிரப்பும் உரிமையும் அந்த மக்களிடம் இருக்க வேண்டும். நிரலில் தெரியும் எண்ணிக்கைக்கு அரசு கணக்குச் சொல்லவும் வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

இனவாரிப் பிரிப்பு இலங்கையில் எண்ணிக்கைக்காக மட்டும் பிறந்ததன்று. 1833இல் கோல்புரூக் சீர்திருத்தங்களின் விளைவாகச் சட்டநிரூபண சபை அமைந்தபோது, உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆசனங்களில் மூன்று ஐரோப்பியருக்கும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொன்றும் என்று பங்கிடப்பட்டது. 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தலா ஓர் ஆசனம் சேர்ந்தது. தொகைமதிப்பு 1871இல் தொடங்கியபோது அதன் இனப்பட்டியலில் 24 பெயர்கள் இருந்தன. பத்தாண்டு கழித்து அவை ஏழாகச் சுருங்கின. பத்தாண்டில் பதினேழு இனங்கள் அழிந்துவிடவில்லை, பட்டியல் போட்டவர்களின் தேவை மாறியது. அதே தேவைதான் 1911இல் தமிழரை இரண்டாகப் பிரித்தது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதற்கென்றே 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டிருந்த காலம் அது. டென்ஹாம் நடத்திய 1911 தொகைமதிப்பு, இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் முதன்முறையாக வேறு வேறாக எண்ணியது. இரண்டு தொகையும் அநேகமாகச் சமம், தலா 5 இலட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டியவை. வந்துபோகும் தொழிலாளர் தொகையை அறிய விரும்பிய நிருவாகத்துக்கு அந்தப் பிரிப்பு வசதியாக இருந்தது. ஆனால் அதில் விழுந்தவர்கள் எல்லோரும் வந்துபோகிறவர்கள் இல்லை. கோப்பிக் காலத்திலேயே வந்து, கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் அதே மலைச்சரிவுகளில் பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணானவர்களின் சந்ததியும் அதே நிரலில்தான் விழுந்தது. நேற்றுக் கப்பலில் இறங்கியவரும் மூன்றாம் தலைமுறைக்காரரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதில், மூன்றாம் தலைமுறைக்காரரும் வந்தேறி ஆனார்.

அந்தப் பெயரின் முழுக் கனமும் 1948இல் தெரிந்தது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது பொதுவாகச் சொன்னது. இந்த நிபந்தனை நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குள்ளும் குடியேறியது. பழைய பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெற்றோரின் பெயரோடு அவர்களுடைய இனம் கேட்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு. அடுத்து, தந்தை இலங்கையில் பிறக்காதவராக இருந்து பூட்டன் இங்கு பிறந்திருந்தால் அவரைப் பற்றி அதே விபரங்கள் கேட்கும் இன்னொரு கூடு. பிறந்து சில வாரங்களேயான சிசுவின் பதிவுத் தாளில், பல பத்தாண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு மனிதரின் பிறப்பிடம் கேட்கப்படுகிறது. பாட்டன் பிறந்ததற்குப் பத்திரம் வைத்திருந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் எந்தச் சமூகத்திலும் அதிகமில்லை. மாத்தறையில் வயல் உழுதவரிடமும் இருந்திராது, பருத்தித்துறையில் வலை இழுத்தவரிடமும் இருந்திராது. வேறுபாடு என்னவென்றால், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத்து மனிதரிடம் கேட்டார்கள். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, அதை நிரூபிக்கும் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தது 1911 முதல் கையிருப்பில் இருந்த அந்த நிரல்தான்.

1949இல் வந்த 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பதிவின் மூலம் பிரஜையாக ஒரு வாயிலைத் திறப்பதாகச் சொன்னது. திருமணமானவர் என்றால் ஏழு ஆண்டு, ஆகாதவர் என்றால் பத்து ஆண்டு இடைவிடாத வதிவைக் காட்ட வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோரே ஏற்கப்பட்டார்கள். அதே 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகள் மட்டுமே வாக்காளர் என்றாயிற்று. 1947 பொதுத்தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸ், அடுத்த தேர்தலில் ஒன்றையும் வெல்லவில்லை. அதன் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான், மூவர் தெரிவாகும் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராகத் தெரிவானது 1977இல். முப்பது ஆண்டு இடைவெளி. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சோல்பரி யாப்பின்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கில் தொகுதிகள் வகுக்கப்பட்டன. 75,000 என்பது வாக்காளர் தொகையன்று, ஆள்தொகை. ஆகவே தோட்டத்து மக்கள் தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட உதவினார்கள். அந்தத் தொகுதிகளின் வாக்குச்சாவடிக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியில்லை. அவர்களுடைய தலைகளால் கிடைத்த மேலதிக ஆசனங்களில் அயலவர்களின் பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். எண்ணிக்கையில் சேர்ப்பதும் பிரதிநிதித்துவம் தருவதும் ஒன்றென்று நம்புகிறவர்கள் ஐம்பதுகளின் மலையகத்தைப் படிக்க வேண்டும்.

மனிதர்கள் வெறும் தொகையாக மாறியதன் உச்சம் 1964 அக்டோபர் 30இல் ஒப்பமிடப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று மதிப்பிட்டார்கள். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்ட அந்தத் தாளில், பங்கிடப்பட்டவர்கள் சார்பில் ஒரு கையெழுத்தும் இல்லை. நாடற்ற நிலையின் கடைசி எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1964 முதல் இங்கு வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்கிய அந்த நல்ல சட்டத்தின் தலைப்பிலும் 'இந்திய வம்சாவளி' என்ற அடையாளமே இருக்கிறது. குடியுரிமை கொடுக்கும்போதுகூட, நீ எங்கிருந்து வந்தவன் என்பதை நினைவூட்டிவிட்டே கொடுத்தார்கள்.

இந்தப் பின்னணியில், படிவத்தில் அந்தக் கூட்டைத் தவிர்க்க மக்கள் விரும்பியதில் வியப்பேதுமில்லை. 1971 தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். வீழ்ச்சியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களால் ஏற்பட்டது. ஆனால் அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் தொகை 14 இலட்சத்து 24 ஆயிரத்திலிருந்து 18 இலட்சத்து 86 ஆயிரமாகியது, 32 சதவீத உயர்வு. நாட்டின் மொத்தச் சனத்தொகை கூடியதோ 17 சதவீதம்தான். எந்தச் சமூகத்தின் பிறப்புவீதமும் அயலவரைவிட இப்படி இரட்டிப்பாகப் பாய்வதில்லை. பிரஜாவுரிமை பெற்றவர்களும் பெறக் காத்திருந்தவர்களும் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். வன்னி இதற்கு இன்னும் தெளிவான சான்று. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின்னும் எழுபதுகளின் பஞ்சத்தின்போதும் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வடக்கே போயின. 1981இல் வவுனியா மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழராகப் பதிவானார். 2012இல் அது ஒரு சதவீதத்தையும் தொடவில்லை. போரும் இடப்பெயர்வும் பலரைச் சிதறடித்தன என்றாலும், எஞ்சியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே கூலி விவசாயிகளாக வாழ்கிறார்கள். அவர்களில் காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று மாவட்டச் செயலகத்தைக் கேட்டால், புள்ளிவிபரத்திலிருந்து பதில் வராது. பொது நிரலுக்குள் போனதும் அவர்களுடைய தனிக்குறையும் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது.

அரசிடம் இன்னொரு பகுப்பும் இருக்கிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று வதிவிடத்தை மூன்றாகப் பிரிக்கும் துறைவாரிக் கணக்கு. தோட்டத்துறை என்றால் இருபது ஏக்கருக்குக் குறையாத, வதியும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத பெருந்தோட்டம். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின மதிப்பீட்டின்படி தோட்டத்துறையில் வறியவர் 33.8 சதவீதம், நாட்டின் சராசரி 14.3 சதவீதம். மலையகத்தின் நிலை பற்றிப் பேசுவோர் எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது. ஆனால் இது இடத்தை அளக்கிறது, மக்களை அளக்கவில்லை. லயத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து ஐந்துலாம்புச் சந்திக் கடையொன்றின் பின்னறையில் படுத்துறங்கும் இளைஞன் நகரத்துறைக்காரனாகிவிடுகிறான். வீட்டுவேலைக்குப் போன அவன் தங்கையும் அப்படியே. தோட்டத்தை விட்டு இளையவர்கள் வெளியேற வெளியேற, தோட்டத்துறைப் புள்ளிவிபரத்தில் மிஞ்சுவது முதியோரும் கொழுந்து பறிக்கும் பெண்களும்தான். வெளியேறியவர்கள் முன்னேறினார்களா, அல்லது வறுமையை மட்டும் நகரத்துக்குக் கொண்டுபோனார்களா என்பதைத் துறைவாரிக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது இனவாரி நிரல்தான். அதுவும் கரைந்தால், மலையகத்தவர் தோட்டத்துக்குள் இருக்கும்வரைதான் அரசின் கண்ணுக்குத் தெரிவார்கள்.

எண்ணிக்கையை நிருவாகத்தோடு இணைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணம் உண்டு. 2012இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் வாழ்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருந்தன. 7 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த நுவரெலியா மாவட்டத்தில் ஐந்துதான். அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர். பிரதேச சபைகளின் நிலையும் அப்படித்தான். போதாக்குறைக்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே, அவர்கள் நடக்கும் பாதையின் குழியை நிரப்பப் பணம் ஒதுக்கத் தயங்கியது. வீட்டுக்கு இலக்கமில்லை, கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் கைக்கு வரும். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் பிரிந்து உருவாயின. இந்த மாற்றத்தை வென்றெடுத்தவர்கள் கையில் இருந்த வலுவான ஆயுதம் மாவட்டவாரி, இனவாரி எண்கள்தான். 2012இல் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியத் தமிழர் நிரலில் இருந்தார்கள் என்ற ஒரு தரவு இல்லாதிருந்தால், இந்தக் கோரிக்கை வழக்கமான அபிவிருத்திப் பேச்சில் காணாமற் போயிருக்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, இனம் கேட்பதே பிரிவினை என்பது. பிரான்ஸ் தன் தொகைமதிப்பில் இனம் கேட்பதில்லை. ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி முப்பதுகளில் அடையாள அட்டையில் பொறித்த இனப்பெயர், 1994இல் வீதித் தடைகளில் உயிரா மரணமா என்பதைத் தீர்மானித்தது. நம் நாட்டிலேயே 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிவந்தார்கள். இந்த அச்சம் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாதது. ஆனால் இந்த உதாரணங்கள் உண்மையில் எச்சரிப்பது ஆளுக்கு ஆள் ஒட்டப்படும் இனமுத்திரையை, பெயரும் முகவரியும் கொண்ட பட்டியலை. பெயர் நீக்கித் தொகுக்கப்படும் தொகைமதிப்பு வேறு வகை. ஆகவே இனம் நீக்கப்பட வேண்டிய இடம் பிறப்பு அத்தாட்சியும் ஆளை அடையாளங்காட்டும் பிற பதிவேடுகளும். இருக்க வேண்டிய இடம் இரகசியம் காக்கும் தொகைமதிப்பு. பிரான்சின் அனுபவமும் அப்படியொன்றும் ஆறுதல் தருவதாக இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கையில் பாகுபாடு உண்டா என்று அறிய அங்குள்ள ஆய்வாளர்கள் விண்ணப்பதாரியின் பெயரையும் பெற்றோரின் பிறந்த நாட்டையும் வைத்துச் சுற்றிவளைத்து மதிப்பிட வேண்டியிருக்கிறது. கேட்காமல் விட்டதால் பாகுபாடு போய்விடவில்லை, அதை நிரூபிப்பது கடினமாகியது.

இதே வாதத்தின் உள்ளூர் வடிவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று 1971 வரை வேறு வேறாக எண்ணினார்கள், 1981இல் ஒன்றாக்கினார்கள், ஒரு தீங்கும் வரவில்லை, தமிழரையும் அப்படியே ஒன்றாக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். சிங்களவரின் இரண்டு நிரலில் எதற்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டதில்லை, எதிலிருந்தும் ஐந்து இலட்சம் பேரை அனுப்ப ஒப்பந்தம் போட்டதில்லை. இரண்டு பகுதியும் சமதரையில் நின்றபோது கோடு அழிந்தது. மலையகத்தவரின் பக்கத்தில் தரை இன்னும் பள்ளமாகவே இருக்கிறது. அதை நிரப்பாமல் கோட்டை மட்டும் அழித்தால் பள்ளம் வரைபடத்திலிருந்து மறையும், தரையிலிருந்து மறையாது.

இரண்டாவது எதிர்வாதம் தமிழ்த் தேசிய நோக்கிலிருந்து வருவது. தமிழரை இரண்டாக எண்ணுவது அரசியல் பலத்தைக் குறைக்கிறது, ஒரே நிரலானால் பேரம் பேசும் வலிமை கூடும் என்பார்கள். இதற்கு வரலாறு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், சோனகர் இனத்தால் தமிழரே என்று ரோயல் ஆசியச் சங்கத்தில் கட்டுரை படித்தார். முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கோரப்பட்ட வேளை அது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தக் கட்டுரை இரு சமூக உறவில் முள்ளாக உறுத்துகிறது. கேட்காமல் ஒருவரைத் தன் கணக்கில் சேர்ப்பது உறவை வளர்க்காது. மலையக மக்களுக்கும் இதே அனுபவம் உண்டு. 1949இல் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டுத் தமிழரசுக் கட்சி பிறக்க, தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை முக்கிய காரணங்களில் ஒன்று. அதாவது, அந்த மக்களைக் கைவிடுவதா காப்பதா என்பதில் வடக்கின் தலைமை அன்றே இரண்டுபட்டு நின்றது. தமிழ் பேசும் மக்களின் ஒற்றுமை வேண்டுமென்றால், அது மேடையிலும் தேர்தல் உடன்பாட்டிலும் வன்னியில் காணி பகிர்வதிலும் தெரியட்டும். தொகைமதிப்புத் திணைக்களத்தின் கூட்டல் கணக்கால் அது வராது.

மூன்றாவது எதிர்வாதம் மலையகத்துக்குள்ளிருந்தே கேட்கிறது. 'இந்திய' என்ற அடைமொழியைக் கைவிட்டால் இந்தியாவின் அக்கறையை இழப்போம்; தோட்டங்களில் நாலாயிரம் வீடுகளும் அதன்மேல் பத்தாயிரம் வீடுகளும் என்று இந்தியா உதவ முன்வந்தது வம்சாவளி உறவால்தானே என்கிறார்கள். கொழும்பில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு 'மலையகம்' என்ற பெயர் பொருந்தவில்லை என்பதும் நியாயமான குறை. இரண்டுக்கும் ஒரே விடைதான்: தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று அவரவரே சொல்லட்டும். 2024 தொகைமதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்பதோடு 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்க்கப்பட்டது ஒரு முன்னேற்றம். ஆனால் இரண்டையும் சாய்கோடு போட்டு ஒரே கூட்டில் அடைத்ததால், முந்தைய பெயரை ஏற்க மறுப்பவர் பிந்தைய பெயரையும் தவறவிட நேர்கிறது. சில ஆயிரம் பேரே உள்ள பரதருக்கும் செட்டிகளுக்கும் தனித்தனி வரிசை கொடுக்க முடிந்த திணைக்களத்துக்கு இது முடியாத காரியமில்லை.

மக்கள் விருப்பப்படி விட்டால் தரவு நிலையற்றதாகும், பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை ஆடும் என்பது புள்ளியியலாளரின் தயக்கம். ஆடத்தான் செய்யும், இப்போதும் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது? நியூசிலாந்து இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கே இனத்துவம் பற்றிய கேள்விக்கு ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடை தரலாம். மாவோரி வம்சத்தவரா என்பது தனிக் கேள்வி. தேர்தல் தொகுதிக் கணக்குக்கு அது பயன்படுகிறது. உணர்வால் வரும் அடையாளத்தையும் உரிமைக்கான கணக்கையும் ஒரே கேள்வியில் குழப்பவில்லை. பூட்டனின் பிறப்பிடம் கேட்டே உரிமை பறிக்கப்பட்ட நம் நாட்டில் வம்சம் கேட்பது கூடாது. அதற்குப் பதிலாக, நீங்களோ உங்கள் பெற்றோரோ எப்போதாவது பெருந்தோட்டத்தில் வதிந்ததுண்டா என்று கேட்கலாம். இனம் எதுவென்றாலும் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. வன்னியில் குடியேறியவரும், கொழும்பில் கடைச்சிப்பந்தியாக இருப்பவரும், சிங்களவராகப் பதிந்துகொண்ட களுத்துறைத் தோட்டத்தவரும் இதற்குள் வருவார்கள்.

ஆகவே அடுத்த தொகைமதிப்புக்கு முன் செய்ய வேண்டியவை ஐந்து. மலையகத் தமிழர் என்பதைத் தனிக் கூடாக்கி, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளத்தைத் தெரிவுசெய்ய வழிவிட வேண்டும். கணக்கெடுப்பாளர் பெயரையும் ஊரையும் பார்த்துத் தானே நிரப்புவதைத் தடைசெய்ய வேண்டும். தோட்ட வதிவு வரலாறு பற்றிய கேள்வியைச் சேர்க்க வேண்டும். வறுமை, கல்வி, காணி, வீடு பற்றிய எல்லாப் புள்ளிவிபரங்களையும் துறைவாரியாக மட்டுமன்றி இனவாரியாகவும் வெளியிட வேண்டும். ஆளை அடையாளங்காட்டும் பத்திரங்களிலிருந்து இனத்தையும், பாட்டன் பூட்டன் விபரத்தையும் எடுத்துவிட வேண்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த மக்கள் கேட்டது அங்கீகாரம். அங்கீகாரம் என்பது வர்த்தமானியில் ஒரு பெயரைச் சேர்ப்பதோடு முடிவதில்லை. 33.8 என்ற எண் அடுத்த முறை எத்தனையாக இறங்க வேண்டும், அதற்கு எந்த அமைச்சு பொறுப்பு, எத்தனை பேர்ச்சஸ் காணிக்கு எத்தனை குடும்பங்களின் பெயரில் உறுதி எழுதப்படும் என்பதை அந்த நிரலுக்கு நேரே எழுதிவைப்பதுதான் அங்கீகாரம். அவ்வாறு செய்தால், தங்களை எந்தப் பெயரில் பதிவது என்று மக்கள் அச்சமின்றித் தீர்மானிப்பார்கள். ஒருநாள் அவர்கள் அந்த நிரலே வேண்டாம் என்று சொன்னால், அந்த முடிவையும் அவர்களே எடுத்திருப்பார்கள்.